போனுக்கு என்ன வாத்தியம்

செருப்பைப் போட்டுக்கிட்டே வாங்க தம்பி, வீடு இன்னும் கூட்டல. இதான் ஹால். அது சமையலறை, அந்தப் பக்கம் ரெண்டு ரூம். காத்து நல்லா வரும். ஜன்னலைத் திறந்து வச்சா வரும்னு சொல்றேன்.

புரோக்கர் என்ன சொல்லி அனுப்பினார்? கீழ்வீடு காலியாக் கிடக்கு, ஓனர் மாடியிலயே இருக்கார், ஒரு மாதிரி ஆளு. அவ்வளவுதானே? பரவால்ல, எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றார். நான் விதிமுறைப்படி நடக்கிற ஆளு. அதை இந்தப் பக்கத்துல ஒரு மாதிரின்னு சொல்லுவாங்க. பேர் திருஞானம். தண்ணி சம்பந்தப்பட்ட அரசாங்க இலாகாவுல உதவிப் பொறியாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். இந்த அபார்ட்மென்ட் சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான். வருஷா வருஷம் தேர்தல் நடக்கும். எதிர்த்து யாரும் நிக்கிறதில்ல.

முதல்ல ஒண்ணு கேட்டுடறேன். உங்க வீட்ல யாராவது எதையாவது தட்டுவாங்களா?

சிரிக்காதீங்க. மிருதங்கம், தவில், டிரம்ஸ், அண்டா, தொட்டி, எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. இல்லையா? சரி. உங்க வீட்டம்மா? அவங்களும் இல்லையா? அது இப்பவே சொல்ல முடியாது தம்பி. எங்க வீட்டம்மாவும் தட்டாமத்தான் இருந்தா.

அந்த ஜன்னல் கட்டையில உக்காருங்க. நாற்காலியெல்லாம் முன்ன குடியிருந்தவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்க நாற்காலிதான், எடுத்துட்டுப் போக வேண்டியதுதான். ஏன் காலியாக் கிடக்குன்னு கேட்டீங்கல்ல, சொல்றேன். பின்னாடி வேற யாராவது வேற விதமா சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி நான் சொல்லிட்டா நல்லது.

இங்க ஒரு இசைக்குழு இருந்துச்சு. பேரு மடை. நித்திலான்னு ஒரு பொண்ணுதான் தலைமை. முடியைக் கழுத்தோட வெட்டியிருக்கும், ஆனா மரியாதை தெரிஞ்ச பொண்ணு. வீடு கேட்டு வந்தப்ப, "தாளவாத்தியக் குழு சார், பகல்ல மட்டும் ஒத்திகை பார்ப்போம்"னு சொல்லுச்சு. தாளவாத்தியம்னா நான் என்ன நினைப்பேன்? மிருதங்கம், கடம், கஞ்சிரா. நாலு பேர் சம்மணம் போட்டு உக்காந்து தலையாட்டிக்கிட்டு வாசிப்பாங்க. சரின்னுட்டேன்.

சாமான் வந்து இறங்குச்சு. தண்ணி பிடிச்சு வைக்கிற நீல டிரம்மு. பிளாஸ்டிக் தொட்டி. பித்தளை அண்டா. பீங்கான் கிண்ணம் பெட்டி பெட்டியா. சுரைக்குடுக்கை. தகரத் தகடு. மீன் இல்லாத ஒரு மீன் தொட்டி. எனக்குப் பகீர்னுச்சு, சமையல் கான்ட்ராக்ட்காரங்களுக்கு வீட்டை விட்டுட்டோமோன்னு. வாட்ச்மேன் கேட்டே கேட்டுட்டார், இன்னிக்கு எத்தனை பேருக்குச் சாப்பாடுன்னு.

தண்ணியை வச்சு இசை பண்றாங்களாம் தம்பி. இது இப்ப வெளிநாட்டுலயெல்லாம் இருக்காம். தொட்டி நிறையத் தண்ணி விட்டு, அதுல பாதியா வெட்டின சுரைக்குடுக்கையைக் கவுத்து மிதக்க விடுவாங்க. குச்சியில தட்டினா தொம் தொம்னு கேக்கும். கிண்ணத்துல தண்ணியைக் கூட்டிக் குறைச்சு ஊத்தி அடிக்கிறது நமக்கே தெரியும், ஜலதரங்கம். அதெல்லாம்கூடப் பரவால்ல. சேகண்டி இருக்குல்ல, சாவு வீட்ல அடிப்பாங்களே, அதை ஓங்கி அடிச்சுட்டு, அதிர்ந்துக்கிட்டு இருக்கும்போதே தண்ணியில முக்குவாங்க. ங்ஙொய்ய்ய்னு சத்தம் அப்படியே கீழ இறங்கும். நம்ம வயித்துக்குள்ள இறங்குற மாதிரி இருக்கும்.

முதல் தடவை அதை அடிச்ச அன்னிக்கு, மூணாவது மாடி மாசிலாமணி, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், கையில மாலையோட இறங்கி வந்துட்டார். பாவம், தெருமுனைக்குப் போயி வாங்கிட்டே வந்திருக்கார். படியில என்னைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் விழுந்துடுச்சு. ஏன்னு எனக்குப் புரியல. அப்புறம் மாலையை என்ன பண்றதுன்னு தெரியாம நித்திலா கழுத்துல போட்டுட்டு, உக்காந்து முழுசாக் கேட்டுட்டுத்தான் மேல போனார்.

நான் சங்கத்தைக் கூட்டி விதி போட்டேன். வெள்ளிக்கிழமை சேகண்டி கூடாது. குடியிருக்கிற யாராவது ஆஸ்பத்திரியில இருந்தாலும் சேகண்டி கூடாது. நித்திலா தினம் காலையில வாட்ச்மேன்கிட்ட, "இன்னிக்கு எல்லாரும் நல்லா இருக்காங்களா?"ன்னு விசாரிச்சுட்டுத்தான் ஆரம்பிக்கும். மத்தவங்க அதைக் கேட்டுட்டு, எவ்வளவு அக்கறையான பொண்ணுன்னாங்க.

அதுவரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. பிரச்சனை வந்தது வெள்ளத்தால.

நீங்க இந்தப் பக்கம் புதுசு, அதனால சொல்லிடறேன். அந்தப் பெருவெள்ளம் வந்த வருஷம் நாங்க இந்த வீட்லதான் குடியிருந்தோம். பயப்படாதீங்க, அப்புறம் கால்வாயெல்லாம் அகலப்படுத்தியாச்சு. வெள்ளத்துக்கு அப்புறம் நாங்க மேல ஒரு வீடு பார்த்துப் போயிட்டோம், இதை வாடகைக்கு விட்டுட்டோம். நித்திலாவுக்கு அது எப்படியோ தெரிஞ்சிருக்கு. அந்த வெள்ளத்தை வச்சு ஒரு மணி நேரத்துக்கு ஒரு உருப்படி பண்றாங்களாம். மழை பிடிக்கிறதுல ஆரம்பிச்சுத் தண்ணி வடியற வரைக்கும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்க தண்ணி இலாகா, அதோட இந்த வீட்லயே இருந்திருக்கீங்க. தண்ணி எப்படி வந்துச்சுன்னு சொல்றீங்களா?"ன்னு கேட்டுச்சு.

முறையாக் கேட்டா நான் சொல்லுவேன். சாக்பீஸ் வாங்கிட்டு வரச் சொல்லி, இந்தா, இந்தத் தரையிலதான் வரைஞ்சேன். ஆறு எங்க, வாய்க்கால் எங்க, தரைமட்டம் என்ன சாய்மானம், விநாடிக்கு எவ்வளவு கன அடி. எல்லாரும் சுத்தி உக்காந்து கேட்டாங்க. தவில்காரர் கலியமூர்த்தின்னு ஒருத்தர், கும்பகோணத்துப் பக்கம், அவர் ரொம்ப மரியாதையாக் கொட்டாவியை அடக்கிக்கிட்டார். டிரம்ஸ் வாசிக்கிற லியோனார்டுதான் நடுவுல கேட்டார்.

"சார், அது எப்படிக் கேட்டுச்சு?"

"எதுப்பா?"

"தண்ணி உள்ள வந்தப்ப. காதுக்கு எப்படி இருந்துச்சு?"

எனக்குக் கேள்வியே புரியல. தண்ணி வந்துச்சுங்கறேன், காதுக்கு எப்படி இருந்துச்சுன்னா? வந்தது, அவ்வளவுதான்.

அப்ப எங்க வீட்டம்மா மோர் கொண்டு வந்திருந்தா. பேரு பூங்கோதை. அவ பொதுவா நாலு பேர் இருக்கிற இடத்துல பேச மாட்டா. அதாவது நான் பேசிக்கிட்டு இருக்கும்போது பேச மாட்டா. நான் எப்பவும் பேசிக்கிட்டு இருப்பேன்னு மாசிலாமணி சொல்லுவார், அது மிகை. அவ தட்டைக் கீழ வச்சுட்டு, "முதல்ல பாத்ரூம்லதான் கேட்டுச்சு"ன்னா.

"அந்தக் குழியில இருந்து. க்ளக். அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. மறுபடி க்ளக், க்ளக். யாரோ உள்ள உக்காந்து தொண்டையைச் செருமுற மாதிரி."

சொல்லிட்டு அவ பாட்டுக்குத் தொட்டி பக்கத்துல முட்டி போட்டு உக்காந்துட்டா. உள்ளங்கையைக் குழிச்சுத் தண்ணியில ஒரு தட்டு. அதே சத்தம் தம்பி. அதே சத்தம். நான் திரும்பி பாத்ரூம் கதவைப் பார்த்தேன்.

"அப்புறம் ஃபிரிட்ஜ் மிதந்துச்சு. இந்தச் சுவத்துல வந்து இடிக்கும், போகும். மறுபடி வந்து இடிக்கும். அதுக்கு ஒரு அவசரமும் இல்ல." நீல டிரம்முல முஷ்டியை வச்சு இடிச்சுக் காட்டினா. "பாத்திரமெல்லாம் உள்ள ஒண்ணோட ஒண்ணு உரசிச்சு, பந்தி முடிஞ்சு கழுவுற மாதிரி. அப்புறம் எல்லாம் முழுகிடுச்சு. முழுகினதுக்கு அப்புறம் சத்தமே இல்ல. அதுதான் எனக்குத் தாங்கல."

கலியமூர்த்தி நிமிர்ந்து உக்காந்துட்டார். நித்திலா மெதுவா, "ஆன்ட்டி, அந்த ஃபிரிட்ஜை இன்னொரு தடவை பண்றீங்களா?"ன்னு கேட்டுச்சு.

நான் கன அடிக் கணக்கை இன்னும் முடிக்கவே இல்ல.

அதுல இருந்து அவ தினமும் இறங்கிப் போக ஆரம்பிச்சா. நான்தான் அனுமதி கொடுத்தேன். அவ கேக்கல, இருந்தாலும் நான் கொடுத்தேன். வீட்ல எதை எடுத்தாலும் தட்டிப் பார்ப்பா. தோசைக்கல், பால் செம்பு, பீரோ கதவு. புதுக் குக்கர் வாங்கப் போனோம். கடையில ஒவ்வொண்ணா எடுத்து விரலால சுண்டிப் பார்த்துட்டு, "இது வேண்டாம்"னு வச்சுட்டா. கடைக்காரர், "ஓட்டையெல்லாம் இருக்காதும்மா"ங்கறார். "தெரியும்"ங்கறா. குக்கர் வாங்காம வந்தோம். எனக்குச் சாதம் அன்னிலிருந்து உலையில வடிச்சுத்தான். ருசியா இருந்துச்சு, அது வேற விஷயம்.

நான் அதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். எனக்குப் பொறுக்க முடியாமப் போனது தாம்பாளம்.

ஒரு நாள் மேல படியில நின்னுக்கிட்டு இருந்தேன். ஒட்டுக் கேக்கல. படியில நின்னேன், காது இருந்துச்சு, கேட்டுச்சு. கீழ அவ குரல். மொட்டை மாடியில இருந்ததைச் சொல்லிக்கிட்டு இருக்கா.

நடந்தது இதுதான். தண்ணி ஏறினதும் கட்டடத்துல எல்லாரும் மொட்டை மாடிக்குப் போயிட்டோம். விடிஞ்சா நாலாபுறமும் தண்ணி. நான் கிளம்பும்போது சர்டிபிகேட் பையை எடுத்துக்கிட்டேன். அவ ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துட்டு வந்திருக்கா. ஏன்டின்னா, கைக்கு அதான் வந்துச்சுங்கறா. பக்கத்துத் தெருவுல படகு போற இன்ஜின் சத்தம் கேக்கும், படகு கண்ணுல படாது. நம்ம தெரு உள்ளடங்கின தெரு பாருங்க. இவ தாம்பாளத்தை எடுத்துத் தட்ட ஆரம்பிச்சுட்டா. தட்டுவா, நிறுத்துவா, காதைக் குடுத்துக் கேட்பா. மறுபடி தட்டுவா. காலையில இருந்து.

நான் சொன்னேன், "கோதை, அசிங்கமா இருக்கு. எல்லாரும் பார்க்கறாங்க. நான் இலாகாவுக்குப் போன் பண்ணியிருக்கேன். முறைப்படி வருவாங்க."

அவ நிறுத்தல. சாயங்காலம் வெளிச்சம் போறதுக்கு முன்னாடி படகு வந்துச்சு. கடற்கரைப் பக்கத்துல இருந்து வந்த மீனவங்க. ஏறும்போது அதுல ஒருத்தர், "யாருங்க தட்டினது?"ன்னு கேட்டார். நான் முன்னால போயி, "நான் திருஞானம், ஏ.இ."ன்னு சொன்னேன். அவர் சரின்னு கையைக் கொடுத்து ஏத்திவிட்டார்.

என் போன்னாலதான் படகு வந்துச்சுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். கல்யாணத்துல, காது குத்துல, சங்கத்துல. அவளும் பக்கத்துலயே நின்னிருக்கா. ஒரு தடவைகூட மறுத்ததில்ல.

என்ன கேக்கிறீங்க? போன் நனைஞ்சிருக்காதா? நனைஞ்சுதே. முதல்லயே நனைஞ்சு செத்துப் போச்சு. நான் பண்ணது அதுக்கும் முன்னாடி. மழை பலமா இருக்குன்னு முன்னெச்சரிக்கையாப் பண்ணது. அப்ப இன்னும் தண்ணி வரல. யாரும் எடுக்கவும் இல்ல. ஆனா அவங்க போன்ல என் நம்பர் விழுந்திருக்கும்ல? பொறுப்புள்ளவன் எவனாவது பார்த்திருப்பான்ல? இதெல்லாம் நிர்வாகம் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் புரியும்.

அதைக் கீழ அவ சொல்லிக்கிட்டு இருக்கா. தாம்பாளம் வருது, கரண்டி வருது, படகு வருது, மீனவர் வர்றார். போன் வரல.

இறங்கி வந்தேன். கதவு திறந்துதான் இருந்துச்சு. "ஒரு முக்கியமான விஷயம் விட்டுப் போச்சு"ன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. போன் விஷயத்தை முழுசாச் சொன்னேன். உருப்படியில அதையும் சேர்க்கணும், இல்லன்னா வரலாறு தப்பாயிடும்னேன்.

நித்திலா உண்மையாவே யோசிச்சுச்சு தம்பி. கிண்டல் பண்ற பொண்ணு இல்ல. "சார், போனுக்கு என்ன வாத்தியம் வைக்கிறது?"ன்னு கேட்டுச்சு.

"அது உங்க வேலைம்மா."

லியோனார்டு ஒரு சின்ன மணியை எடுத்து ட்ரிங் ட்ரிங்னு அடிச்சுப் பார்த்தார். கலியமூர்த்தி, "ஐஸ்காரன் வர்ற மாதிரி இருக்கு"ன்னார். கிண்ணத்துல அடிச்சுப் பார்த்தாங்க. குச்சியை மாத்திப் பார்த்தாங்க. நான், "இன்னும் கொஞ்சம் கம்பீரமா"ன்னேன். அப்பத்தான் கோதை வாயைத் திறந்தா.

"போன் வேண்டாம்"னா.

"ஏன்?"

"போன் அடிக்கலங்க."

அவ்வளவுதான் சொன்னா. கோபமாக்கூடச் சொல்லல. சாதத்துல உப்பு இல்லங்கிற மாதிரி சொன்னா. சொல்லிட்டுத் தொட்டித் தண்ணியில கையை வச்சுக்கிட்டு அதையே பார்த்துக்கிட்டு இருந்தா. எல்லாரும் தரையைப் பார்த்தாங்க. கலியமூர்த்தி தவில் வாரை இறுக்க ஆரம்பிச்சார், அது ஏற்கெனவே இறுக்கமாத்தான் இருந்துச்சு.

மறுநாள் நித்திலாவைக் கூப்பிட்டு வீட்டைக் காலி பண்ணச் சொன்னேன். அந்தக் காரணத்துக்காக இல்ல. சுவத்துல ஓதம் ஏறுது. எப்பப் பார்த்தாலும் தொட்டி தொட்டியாத் தண்ணி வச்சா சுவர் என்னத்துக்கு ஆகும்? நான் பொறியாளர், எனக்குத் தெரியும். லியோனார்டு, "வெள்ளத்துலயே நின்ன சுவர் சார்"னார். "அதனாலதான் இனிமே தாங்காது"ன்னேன்.

அவங்க சண்டை போடல. பல்லாவரத்துல ஒரு பழைய கிடங்கு கிடைச்சுதுன்னு போயிட்டாங்க. போற அன்னிக்கு மாசிலாமணி கீழ வந்து ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுக்கிட்டு நின்னார். குழந்தைங்க கேட் வரைக்கும் வண்டி பின்னாடி ஓடுச்சு. வாட்ச்மேன் என்னோட ஒரு வாரம் பேசல. நான் இவங்களுக்கெல்லாம் சேர்த்துத்தான் சுவரைக் காப்பாத்தினேன். அதை யாரும் நினைச்சுப் பார்க்கல.

கோதைகிட்ட சொன்னப்ப, "சரி"ன்னா. எனக்கு நிம்மதியா இருந்துச்சு. மறுநாள் காலையில சீக்கிரமே எந்திரிச்சு, எனக்குச் சாப்பாடு எடுத்து மூடி வச்சுட்டு, அவளுக்கு ஒரு டப்பாவுல கட்டிக்கிட்டு, செருப்பை மாட்டுறா.

"எங்க?"

"பல்லாவரம்."

"எதுல போவ?"

"ரயில்லதான்."

கல்யாணமானதுல இருந்து அவ தனியா ரயில் ஏறினதில்ல. நான் ஏத்திவிடட்டுமான்னு கேட்டேன். "வேண்டாங்க, வழி தெரியும்"னா. எப்படித் தெரியும்னு நான் கேக்கல. அவ போனதும் சாப்பாட்டைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்துச்சு. அப்பளம்கூடப் பொரிச்சு வச்சிருந்தா. அவ கோபத்துல இருக்கான்னு நான் எதை வச்சு நினைக்கிறது, சொல்லுங்க?

அப்படியே மழைக்காலம் முழுக்கப் போயிட்டு வந்தா. சாயங்காலம் வருவா, குளிப்பா, சமைப்பா. என்ன வாசிச்சீங்கன்னு நான் கேக்கல, அவளும் சொல்லல. வீடு ரொம்ப அமைதியா இருந்துச்சு. அமைதிதான் நான் கேட்டது. ஆனா அமைதியில ஒரு கஷ்டம், ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடி நிக்கிறதெல்லாம் காதுல விழும். முன்னயெல்லாம் அது எனக்குக் கேட்டதே இல்ல.

தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, எழும்பூர் பக்கத்துல ஒரு அரங்கத்துல நிகழ்ச்சி. மதியம் ஷோ. "வர்றதுன்னா வாங்க"ன்னு சொல்லிட்டு அவ காலையிலயே போயிட்டா. எனக்கு அன்னிக்கு வேற வேலை இல்ல. ஞாயித்துக்கிழமைதானே. சட்டை அயர்ன் பண்ணி வச்சிருந்தேன், அதுவும் வீணாகக் கூடாதுன்னு போனேன்.

நல்ல கூட்டம். நடு வரிசையில ஒரு ஓரத்து சீட்டு. மேடையில நம்ம நீல டிரம்மு, நம்ம தொட்டி. எல்லாத்து மேலயும் வெளிச்சம் போட்டிருந்தாங்க, தங்கத் தொட்டி மாதிரி இருந்துச்சு. அவ கறுப்புல காட்டன் புடவை. பளிச்சுனு இருந்தா. எங்க வீட்ல அப்படி ஒரு புடவை இருக்கறதே எனக்குத் தெரியாது.

ஆரம்பத்துல தகரத்து மேல விரல் நுனியால மழை. ஒரு விரல், ரெண்டு விரல், அப்படியே வலுத்துச்சு. கலியமூர்த்தி தவிலைக் குச்சி இல்லாம வெறுங்கையால தடவித் தடவி இடி கொண்டாந்தார். அப்புறம் பாத்ரூம். க்ளக். அரங்கம் முழுக்கக் கேட்டுச்சு. அப்புறம் ஃபிரிட்ஜ் வந்துச்சு. கோதைதான் அதை வாசிச்சா. பக்கத்து சீட்டுல ஒரு அம்மா தன் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அது எங்க ஃபிரிட்ஜ்னு அவங்ககிட்ட சொல்லணும் போல இருந்துச்சு. சொன்னேன். அவங்க, "உஷ்"னாங்க.

சேகண்டி தண்ணியில இறங்கி முடிஞ்சதும் எல்லாம் நின்னு போச்சு. எல்லாரும் குச்சியைக் கீழ வச்சுட்டாங்க. கோதை எழுந்து முன்னால வந்தா. கையில தாம்பாளம். அந்தத் தாம்பாளமேதான், விளிம்புல நசுங்கினது.

தட்டினா. நிறுத்தினா. தலையைச் சாய்ச்சுக் கேட்டா.

மறுபடி தட்டினா. நிறுத்தினா.

தம்பி, நான் அன்னிக்கு மாடியில அவளை முன்னாடி நின்னு பார்க்கவே இல்ல. எனக்கு வெட்கமா இருந்துச்சுன்னு ஒரு மூலைக்குப் போயிப் பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். அவ முகத்தை இப்பத்தான் பார்க்கிறேன். அவ தட்டுறது ஒண்ணுமே இல்ல. நிறுத்திட்டுக் கேக்கிறா பாருங்க, அதுதான். ஒவ்வொரு தடவையும் நிறுத்தினது கொஞ்சம் கூடிக்கிட்டே போச்சு. தட்டுறா. நிறுத்தறா. யாரும் வரல. தட்டுறா. நிறுத்தறா. இவ்வளவு பேர் உக்காந்திருக்கோம், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலயேன்னு எனக்கு...

"இங்க! இங்க இருக்கோம்!"

யாரோ கத்தறாங்கன்னு பார்த்தா நான்தான். எழுந்து நிக்கிறேன். கையை வேற ஆட்டறேன். "மொட்டை மாடியில! பொம்பளைங்க இருக்காங்க, குழந்தைங்க இருக்காங்க! உள் தெரு! உள்ள வாங்க!"

அது சர்க்கரை குறைஞ்சதுதான் தம்பி. மதியம் சரியாச் சாப்பிடல. சர்க்கரை குறைஞ்சா எனக்கு அப்படித்தான், படபடப்பா வரும்.

அவ திரும்பி என்னைப் பார்த்தா. மேடை வெளிச்சத்துல இருந்து இருட்டுக்குள்ள பார்த்தா எதுவும் தெரியாதும்பாங்க, ஆனா என்னைத்தான் பார்த்தா. தாம்பாளத்தை மெதுவாக் கீழ இறக்கினா. நித்திலா பின்னால கையைக் காட்டுச்சு, லியோனார்டு டிரம்ஸ்ல இன்ஜின் சத்தத்தை ஆரம்பிச்சார். தூரத்துல இருந்து. கிட்டக் கிட்ட வந்துச்சு. எனக்கு உக்காரணும்னு தோணல. முடியற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தேன். பின்னால இருந்தவங்க ஒண்ணும் சொல்லல.

கைதட்டல் அடங்க நேரமாச்சு. எல்லாரும் அது ஏற்பாடுன்னு நினைச்சுட்டாங்க. ஒரு பத்திரிகையில எழுதியிருந்தாங்க, கூட்டத்தின் நடுவிலிருந்து ஓர் ஆண் குரலை எழுப்பியது இசையமைப்பாளரின் துணிச்சல்னு. பேர் போடல. போடச் சொல்லி எழுதலாம்னு பார்த்தேன், கோதை வேண்டாம்னுட்டா.

திரும்பி வர்றப்ப ஒரே ரயில்ல வந்தோம். ஞாயித்துக்கிழமை, உக்கார இடம் கிடைச்சுது. எதிரெதிரா உக்காந்தோம். மாம்பலம் வந்துச்சு. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னா.

"அன்னிக்கு ஒரே ஒரு தடவை இப்படிக் கத்தியிருந்தீங்கன்னா, என் கை கொஞ்சம் ஓய்ஞ்சிருக்கும்."

நான் யோசிச்சேன். இதுக்கு முறையா ஒரு பதில் இருக்கும்னு யோசிச்சேன். கிண்டி வந்துச்சு. "எந்தக் கை?"ன்னு கேட்டேன்.

வலது கையைத் தூக்கிக் காட்டினா. "மணிக்கட்டுல. இப்பவும் மழைக்காலம்னா வலிக்கும்."

"இத்தனை வருஷமா? சொல்லவே இல்லயே?"

"எப்பச் சொல்றது? நீங்கதான் எல்லார்கிட்டயும் போன் பண்ணதைச் சொல்லிக்கிட்டு இருந்தீங்களே."

நம்ம ஸ்டேஷன்ல இறங்கினதும் அவளை நிக்கச் சொல்லிட்டு எதிர்ல இருக்கிற மெடிக்கல்ல போயி வலிக்குப் போடற தைலம் ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்தேன். பெரிய பாட்டில். "இந்தா"ன்னேன். அவ பாட்டிலைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, சிரிக்க ஆரம்பிச்சுட்டா. ரோட்ல நின்னுக்கிட்டு. "இப்பவா?"ங்கறா. "இப்பத்தானே சொன்னே"ன்னேன். ஆட்டோவுல வரும்போதே தடவிக்கிட்டா. ஆட்டோ முழுக்க வாசனை. டிரைவர், "யாருக்குங்க அடி?"ன்னார். நான், "பழைய அடி"ன்னேன்.

அதுக்கப்புறம் பாண்டிச்சேரியில ஒரு நிகழ்ச்சிக்கு நித்திலா என்னையும் வரச் சொல்லுச்சு, அதே இடத்துல எழுந்து கத்தறதுக்கு. முறைப்படி அழைப்பு. நான் கண்ணாடி முன்னால நின்னு நல்லா ஒத்திகை பார்த்துட்டுப் போனேன். அன்னிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுப் போனதால படபடப்பு வரல. எழுந்து, கணீர்னு, தெளிவா, முகவரியோட சொன்னேன். ரெண்டு மூணு பேர் சிரிச்சுட்டாங்க. நித்திலா நிகழ்ச்சி முடிஞ்சதும் வந்து, "சார், நீங்க வந்ததே சந்தோஷம்"னுச்சு. அப்புறம் கூப்பிடல. அந்த இடத்துல இப்ப யாரும் கத்தறதில்லயாம். அவ தட்டி நிறுத்துவா, கொஞ்ச நேரம் அப்படியே விட்டுடுவாங்களாம். ஒவ்வொரு நிகழ்ச்சியிலயும் யாராவது ஒருத்தர் கூட்டத்துல அழறாங்களாம்.

நானே போன் பண்ணிச் சொன்னேன், ஓதம் காஞ்சிருச்சு, திரும்பி வர்றதுன்னா வரலாம்னு. இந்தத் தடவை போன் அடிச்சுது, நித்திலாவே எடுத்துச்சு. "கிடங்குல இடம் தாராளமா இருக்கு சார், தேங்க்ஸ்"னு சொல்லிடுச்சு. அதனாலதான் வீடு காலி. வேற ஒரு காரணமும் இல்ல.

கோதை இப்ப கொச்சியில இருக்கா. அங்க ஏதோ விழா. வியாழக்கிழமை வர்றா. கிளம்பற அன்னிக்குப் பையை நானே எடுத்துக் கொடுத்தேன். "தைலத்தை வச்சுக்கிட்டியா?"ன்னு கேட்டேன். "வச்சுக்கிட்டேங்க"ன்னா. நேத்து சாயங்காலம் போன் பண்ணினப்பவும் கேட்டேன், கை எப்படி இருக்கு, தடவுறியான்னு. "தடவுறேங்க, இப்பப் பரவால்ல"ன்னா.

பாட்டில் மாடி வீட்ல பீரோ மேலயே இருக்கு. காலையில துடைக்கும்போது பார்த்தேன். எடுத்துட்டே போகல.

நான் அதை அவகிட்ட சொல்லப் போறதில்ல. சாயங்காலம் மறுபடி போன் பண்ணுவேன். கை எப்படி இருக்குன்னு கேட்பேன்.